பெயரோடு வந்த பிள்ளைகள்: ‘காலேஜ் ஃபுட்பால் 25’ குறித்து ஒரு ரசிகனின் மதிப்புரை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து ஆடுவதற்கென்று 2024 ஜூலை 19 அன்று வெளிவந்த ‘ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25’ என்ற வீடியோ விளையாட்டை, வெளிவந்த வாரத்திலேயே 69.99 டாலர் கொடுத்து வாங்கினேன். அதன் படத்தெளிவைப் பற்றியும், அரங்குகளை அச்சு அசலாக வரைந்திருக்கும் நேர்த்தியைப் பற்றியும் பலர் எழுதிவிட்டதால் அவற்றை மீண்டும் விவரிக்க நான் முற்படவில்லை. 18 வயதுப் பையன்களைச் சனிக்கிழமை மதியம் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு, அன்று மாலையே அவர்களைக் கரித்துக் கொட்டப் பழகிப்போன என்னைப் போன்ற ரசிகனிடம் இந்த விளையாட்டு என்ன மாற்றத்தைச் செய்கிறது என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே இங்கே விடை தேடுகிறேன். ஆடுகளத்துக்குள் இருக்கும்வரை இந்த விளையாட்டு ரசிகனின் நாவை அடக்குகிறது. ஆடுகளத்தை விட்டு வெளியே வந்து வீரர்களின் பட்டியலைத் திறந்ததும் அதே நாவுக்குப் புதிய தீனி போடுகிறது. இதுதான் என் முடிவு.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா வந்த புதிதில், மாணவர்களுக்கான பகுதியில் நின்றபடி எங்கள் அணியின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்பவன் யார், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேறத் தவறினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் புரிந்த ஒரே மாதத்தில், மற்றவர்களோடு சேர்ந்து கத்தவும் கற்றுக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை எங்கள் குவார்ட்டர்பேக் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணியினர் பறித்தபோது, அவனை வெளியே உட்கார வைக்கச் சொல்லித் தொண்டை கட்டும்வரை கூவியவர்களில் நானும் ஒருவன். அடுத்த செவ்வாய்க்கிழமை, நான் உதவி ஆசிரியனாக இருந்த புள்ளியியல் வகுப்பின் கடைசி வரிசையில், வலது தோளில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு ஒரு மாணவன் உட்கார்ந்திருந்தான். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுக்கலாமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். தலைக்கவசம் இல்லாத அந்த முகத்தை நான் அதற்குமுன் அருகில் பார்த்ததில்லை. அவனுக்கு அப்போது 19 வயது.

விளையாட்டுக்கு வருகிறேன். இதே வரிசையில் இதற்குமுன் வந்தது 2013 ஜூலையில் வெளியான ‘என்சிஏஏ ஃபுட்பால் 14’. நடுவில் பதினோரு ஆண்டுகள் எதுவும் வராமல் போனதற்குக் காரணம் தொழில்நுட்பமோ விற்பனைக் குறைவோ அல்ல. முன்பு வந்த விளையாட்டுகளில் வீரர்களின் பெயர் இருக்காது. ஆனால் சட்டை எண், உயரம், எடை, தோலின் நிறம், ஆடும் இடம் எல்லாம் உண்மை வீரனோடு பொருந்தியிருக்கும். வீரனுக்கு அதற்காக ஒரு காசும் கிடைக்காது. 1995இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி வாகை சூடியபோது அதில் முன்னின்று ஆடிய எட் ஓபேனன், பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பரின் வீட்டில் தன்னைப் போன்ற உருவம் ஒரு வீடியோ விளையாட்டில் ஓடுவதைக் கண்டார். 2009இல் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கும் அதனோடு சேர்ந்த வழக்குகளும் என்சிஏஏ எனப்படும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிகளை அசைத்ததால் இந்த வரிசையே நின்றுபோனது. 2021 ஜூலை 1 முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருமானம் ஈட்டலாம் என்றான பிறகுதான் மீண்டும் இப்படியொரு விளையாட்டைத் தயாரிக்க வழி திறந்தது. இம்முறை ஒவ்வொரு வீரரிடமும் சம்மதம் கேட்டு, சம்மதித்தவருக்கு 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். 134 அணிகளைச் சேர்ந்த 11,000க்கும் மேற்பட்டவர்கள் சம்மதித்தார்கள். விருப்பமில்லாதவர் இதில் இருக்க மாட்டார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் முதலில் மறுத்து, பின்னர் மனம் மாறிச் சேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும்.

பெயரில்லாமல் எண்ணாக மட்டும் இருந்தவர்கள் பெயரோடு வந்ததை நான் மனமார வரவேற்கிறேன். திரையில் ஒரு பையன் பந்தைத் தவறவிடும்போது அவன் சட்டையின் முதுகில் அவனுடைய குடும்பப் பெயர் தெரிகிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர்கள் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்ற எண்ணம், பழைய விளையாட்டுகளை ஆடியபோது எனக்கு வந்ததே இல்லை.

இந்த விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி, எதிரணியின் அரங்கில் ஆடும் அனுபவம். தயாரிப்பாளர்கள் எதிரணிகளை மிகவும் திணறடிக்கும் இருபத்தைந்து அரங்குகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்ட் அதில் முதலிடம், அலபாமாவின் பிரையன்ட்-டென்னி அரங்கு இரண்டாமிடம், லூசியானாவின் டைகர் அரங்கு மூன்றாமிடம். இவற்றில் ஒன்றில் அனுபவமற்ற குவார்ட்டர்பேக்கை இறக்கி, மூன்றாவது முயற்சியில் எட்டு கெஜம் தேவைப்படும் கட்டத்துக்கு வந்து பாருங்கள். கூட்டத்தின் இரைச்சல் ஏற ஏறத் திரை நடுங்குகிறது, கையிலிருக்கும் கருவி அதிர்கிறது. வழக்கமாக ஒவ்வொருவரும் ஓட வேண்டிய பாதையைக் காட்டும் கோடுகள் நெளிந்து குழம்புகின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினால் பந்து யாரிடம் போகும் என்று தெளிவாகக் காட்ட வேண்டிய குறிகள் இருக்குமிடத்தில் கேள்விக்குறிகள் தோன்றுகின்றன. மூன்று வினாடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். எடுத்த முடிவு சரியா என்று அறிய வழியில்லை. எறிந்த பந்து எதிரணியின் கையில் விழுகிறது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது.

முதல் முறை இது நடந்தபோது நான் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். கண்ணுக்கு எட்டிய இடத்தில் சுற்றிலும் எதிரணி ஆளே இல்லாமல் நின்ற, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரைக் குவார்ட்டர்பேக் ஏன் பார்க்கவில்லை என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். அரங்கின் மேல்தட்டில் நிற்பவனுக்கு இருபத்திரண்டு பேரும் சதுரங்கக் காய்களைப்போலத் தெளிவாகத் தெரிவார்கள். தன்னைவிட உயரமான ஐந்து பேரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன்னை வீழ்த்தப் பாய்ந்து வருபவர்களுக்கு இடையிலான இடுக்கு வழியாகப் பார்ப்பவனுக்கு அவ்வாறு தெரியாது. இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டுத் தலையசைத்த நான், அடுத்த வாரம் பழையபடியே கத்தினேன். என் கையே தவறு செய்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. சத்தம் என்பது அரங்கின் அலங்காரம் அல்ல, ஆடுபவனின் அறிவைத் தற்காலிகமாக மறைக்கும் ஒரு சக்தி என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறொரு வீடியோ விளையாட்டை நான் ஆடியதில்லை.

உடல் தேய்மானத்தைக் காட்டும் ஏற்பாடும் இதே நேர்மையைச் சேர்ந்தது. ஒரு வீரன் வாங்கும் அடிகள் அவனுடைய தோள், முழங்கால் என்று உறுப்பு வாரியாகச் சேர்ந்து, அவனுடைய திறனை ஆட்டம் முழுவதும் குறைத்துக்கொண்டே போகின்றன. நான்காம் கால் பகுதியில் என் ஓட்டக்காரர் வேகம் குன்றி விழுந்தபோது, அவர் சோம்பல் காட்டுகிறார் என்று திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரை அதுவரை இருபத்தேழு முறை சுவரில் மோதவிட்டவன் நான்தான்.

பந்தை உதைக்கும் கிக்கர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரிக் கால்பந்தில் மிகக் கொடுமையான வசைகளைச் சுமப்பவர்கள் அவர்களே. இந்த விளையாட்டில் உதைப்பதற்கான அளவுகோல் ஒரு கணப் பிசகையும் பொறுக்காது. முதல் சில வாரங்களில் நான் உதைத்தவற்றில் பாதி கம்பத்துக்கு வெளியே போயின. 2013 நவம்பர் 30 அன்று ஆபர்ன் அணியிடம் அலபாமா 34-28 என்று தோற்றபோது, கடைசி நொடியில் குறுகிப்போன உதையைப் பிடித்துக்கொண்டு கிறிஸ் டேவிஸ் மைதானத்தின் மறுமுனைவரை ஓடிய காட்சியே எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆட்டத்தில் முன்னதாக வாய்ப்புகளைத் தவறவிட்ட அலபாமா கிக்கர் கேட் ஃபாஸ்டருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆறுதல் கூறி அவருக்குக் கைப்பட எழுதினார். ஒரு நாட்டின் முன்னாள் அதிபர் தேற்ற வேண்டிய அளவுக்கு ஒரு மாணவனை நோகடித்தவர்கள் எதிரணி ரசிகர்கள் அல்லர், சொந்த அணியை நேசிப்பதாகச் சொன்னவர்கள். விளையாட்டில் நான் தவறவிட்ட உதைகளுக்கு அத்தகைய விளைவு ஏதுமில்லை; மீண்டும் தொடங்கு என்ற பொத்தானை அழுத்தினால் போதும்.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். ஆடுகளத்துக்குள் இவ்வளவு பரிவை ஊட்டும் இந்த விளையாட்டு, மெனுவைத் திறந்ததும் ஒவ்வொரு பையனின் பெயருக்கு எதிரிலும் ஒரு மொத்த மதிப்பெண்ணை நிறுத்துகிறது. 91, 84, 72. வேகம், பலம், எறியும் துல்லியம் ஆகியவற்றை எண்ணாக்காமல் கணினியில் ஆட்டம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். உள்ளே இயங்குவதற்கு எண் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த எண்களைச் சுருக்கி ஒரே எண்ணாக்கி, உண்மைப் பெயரின் பக்கத்தில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்பதே என் கேள்வி. அந்த எண் திரையோடு நிற்பதில்லை. 72 என்று கண்ட ரசிகன் அரங்குக்குப் போகும்போது அதை மனத்தில் சுமந்தே போகிறான். பையன் ஒரு பந்தைத் தவறவிட்டால், அவனுடைய தகுதியே அவ்வளவுதான் என்கிறான். 91 என்று கண்டவனோ ஒரு தவறையும் மன்னிக்க மறுக்கிறான்.

ஓர் அணியைப் பல ஆண்டுகள் நடத்தும் ‘டைனஸ்டி’ பகுதியில் இது இன்னும் தீவிரமாகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நட்சத்திரங்கள் வழங்கப்பட்டிருக்கும். அவர்களை ஆராய்ந்து பார்க்கப் புள்ளிகளைச் செலவிட்டால், சிலருக்குப் பக்கத்தில் பச்சை ரத்தினக் குறியும் சிலருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறியும் தோன்றும். பச்சை என்றால் எதிர்பார்த்ததைவிட மேலானவன், சிவப்பு என்றால் ‘பஸ்ட்’, தேறாதவன். அந்த மாணவர்கள் கற்பனைப் பெயர் கொண்டவர்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சொல் ரசிகர்களின் வாயிலிருந்துதான் விளையாட்டுக்குள் வந்தது. மறுபடியும் ரசிகர்களிடமே திரும்பிப் போகிறது. 17 வயதுப் பிள்ளையை ஒரு சிவப்புக் குறியால் முடித்துவைக்கும் பழக்கத்தைத் தயாரிப்பாளர்கள் சற்று யோசித்திருந்தால் விட்டிருக்கலாம். வளர்ச்சி தாமதமாகும் என்று சொல்ல வேறு வழிகள் இருக்கின்றன.

முதல் பதிப்பில் இன்னொரு சமமின்மையும் இருந்தது. பதினோராயிரம் மாணவர்கள் உண்மைப் பெயரோடும் மதிப்பெண்ணோடும் இருக்க, பல லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் உண்மையான தலைமைப் பயிற்சியாளர்கள் அதில் இல்லை. 2025 ஜூலை 10 அன்று வந்த ‘காலேஜ் ஃபுட்பால் 26’ பதிப்பில்தான் பயிற்சியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். மாணவர்களுக்கான தொகையும் 1,500 டாலராக உயர்ந்தது. இரண்டுமே சரியான திருத்தங்கள். மூன்றாவது முயற்சியில் பொருந்தாத உத்தியை அனுப்பியவர் ஐம்பது வயதுக்காரர். அதை ஆடிக்காட்டி அவமானப்பட்டவன் இருபது வயதுக்காரன். வசை எப்போதும் பின்னவன் மேல்தான் முதலில் விழுகிறது.

தொகையைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் இப்போது அடிக்கடி கூறும் ஒரு வாதத்தையும் கவனிக்க வேண்டும். இவர்கள் பணம் வாங்குகிறார்கள், ஆகவே இனி இவர்களை மாணவர்களாகக் கருத வேண்டியதில்லை, தொழில்முறை வீரர்களைப்போல விமர்சிக்கலாம் என்கிறார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு 2025-26 கல்வியாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர்வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்றானது உண்மையே. ஆட்டத்தை விமர்சிப்பதற்கு எனக்குத் தடையில்லை. எதிரணியினர் இருவர் சூழ்ந்து காவல் காக்கும் ஒருவரை நோக்கிப் பந்தை எறிந்தது தவறு என்றால் தவறு என்றே சொல்லலாம், அந்தப் பையனின் பயிற்சியாளரும் அதையேதான் சொல்வார். ஆனால் அந்தப் பெருந்தொகை சமமாகப் பிரிவதில்லை. பட்டியலின் கடைசியில் இருப்பவனுக்கு இந்த விளையாட்டு தந்த 600 டாலரே பெரிய வரவாக இருக்கலாம். இரைச்சல் மட்டும் பட்டியலின் முதலில் இருப்பவன் மேலும் கடைசியில் இருப்பவன் மேலும் ஒரே அளவில் விழுகிறது. வருமானம் வந்துவிட்டதால் 19 வயது 29 ஆகிவிடுவதும் இல்லை.

இந்த விளையாட்டுக்கு வெளியே, அண்மைக் காலத்தில் நடந்தவற்றை இதனோடு சேர்த்துப் பார்க்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணி தன் சொந்த அரங்கில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றது. குவார்ட்டர்பேக் வில் ஹவர்டின் இரண்டு பந்துகள் பறிபோயின. கிக்கர் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு உதைகளைத் தவறவிட்டார். அன்றிரவு அவ்விருவரைப் பற்றியும் சொல்லப்பட்டவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை. ஏழு வாரங்கள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேம் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஹவர்ட் எறிந்த முதல் பதின்மூன்று பந்துகளும் ரிசீவர்களின் கைகளில் போய்ச் சேர்ந்தன. நெருக்கடியான மூன்றாவது முயற்சியில் முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித் 56 கெஜம் பெற்றுத் தந்தார். ஆட்டம் முடிய அரை நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் வெற்றியை உறுதி செய்த உதை ஃபீல்டிங்குடையது. 34-23. வைத வாய்களே வாழ்த்தின. நவம்பரில் தகுதியற்றவர்களாக இருந்த அதே இருவரே ஜனவரியில் வீரர்களானார்கள். அந்த ஏழு வாரங்களில் அவர்கள் எப்படி உறங்கினார்கள் என்பதை எந்த மதிப்பெண்ணும் நமக்குச் சொல்லாது.

புகழ்ச்சியிலும் இதே அளவுக்கு ஆபத்து இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அலபாமாவின் ரயன் வில்லியம்ஸ் 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவுக்கு எதிராக 75 கெஜம் கொண்ட டச்டவுனை, அதாவது பந்தை எதிரணியின் எல்லைவரை கொண்டுசேர்த்துப் பெறும் புள்ளிகளை, எடுத்தபோது அவருக்கு வயது 17. அந்த வயதைச் சொல்லிச் சொல்லியே நாடு முழுவதும் மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். மறு ஆண்டு அவரும் ஸ்மித்தும் ‘26’ பதிப்பின் அட்டையில் இடம்பெற்றார்கள். ஆர்ச் மேனிங்கோ, ஒரு பருவம்கூட முழுதாகத் தொடங்கி ஆடாத நிலையிலேயே, நாட்டின் மிகச் சிறந்த வீரர் விருதுக்கு உரியவர் என்று 2025 கோடையில் உயர்த்தப்பட்டார். முதல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோல்வி. செப்டம்பர் நடுவில் எல் பாசோ அணியை டெக்சஸ் 27-10 என்று வென்ற ஆட்டத்தில், அவருடைய எறிதல்கள் தொடர்ந்து வீணானபோது, சொந்த அரங்கத்தின் கூட்டமே அவரை நோக்கிக் கூச்சலிட்டது. அவர் தருவதாகச் சொல்லாத ஒன்றை அவர் தரவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

சூதாட்டம் இந்தக் கோபத்தைப் பெருக்கியிருக்கிறது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயங்களுக்கு மாநிலங்கள் அனுமதி வழங்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகு, ஒரு மாணவன் எத்தனை கெஜம் ஓடுவான் என்பதன் மேலேயே பணம் கட்டும் வழக்கம் பரவியது. தனிப்பட்ட கல்லூரி வீரர் மீதான இத்தகைய பந்தயங்களைத் தடை செய்யும்படி என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் 2024இல் வேண்டினார். ஒஹாயோ மாநிலம் தடையும் செய்தது. இந்த ஒரு பொருளில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

‘ரோட் டு குளோரி’ என்ற பகுதியில் நாமே ஒரு மாணவ வீரனாகி, வாரத்துக்கு இத்தனை ஆற்றல் புள்ளிகள் என்று வாங்கிக்கொண்டு, அவற்றைப் பயிற்சிக்கும் படிப்புக்கும் ஓய்வுக்கும் தலைமைப் பண்புக்கும் பெயர் ஈட்டுவதற்கும் பங்கிட வேண்டும். எப்படிப் பங்கிட்டாலும் ஏதோ ஒன்றுக்குப் போதாது. கருத்து அருமையானது, செயலாக்கம் மெலிந்தது. சில வாரங்களில் அது பொத்தானை அழுத்தும் சடங்காகிவிடுகிறது. தோற்ற இரவில் அந்த மாணவனின் கைபேசிக்கு உண்மையில் என்னென்ன வந்து சேரும் என்பதை நாகரிகமான அளவிலாவது காட்டியிருந்தால், ரசிகனுக்கு அதைவிடப் பெரிய பாடம் இருந்திருக்காது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கல்லூரிக் கால்பந்தைப் பார்ப்பவர் எவரும் தயங்காமல் வாங்கலாம். ‘25’, ‘26’ ஆகிய இரண்டுக்கும் சொந்தக் கணினியில் ஆடும் பதிப்பு கிடையாது, பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கருவி வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், பயிற்சியாளர்கள் இடம்பெற்றிருப்பதாலும் மாணவர்களுக்குக் கூடுதல் தொகை போனதாலும் ‘26’ பதிப்பையே பரிந்துரைப்பேன். முதல் ஆட்டத்தை எளிய நிலையில் வைக்காதீர்கள். அனுபவமில்லாத முதலாண்டு குவார்ட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்து எதிரணியின் அரங்குக்குப் போங்கள், ஒலியைக் குறைக்காதீர்கள்.

என்னுடைய டைனஸ்டி அணியில், சிவப்புக் குறியோடு வந்து சேர்ந்த ஒரு குவார்ட்டர்பேக் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறான். மதிப்பெண் இன்னும் 78தான். அவனைவிட உயர்ந்த மதிப்பெண்ணோடு ஒருவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். அடுத்த ஆட்டம் கைல் ஃபீல்டில். தொடங்கப் போகிறவன் இவனே.